சிறுவர்களுடன் தொழில்நுட்பம் பற்றிப் பேசுவோம்

நம் வீடுகளில் தொழில்நுட்பம் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தொடங்குகிறது. பிள்ளையின் கையில் போன் இருக்கும். அதைக் கண்ட பெரியவர் ஒருவர், "எங்கட காலத்தில இதெல்லாம் ஈந்திச்சா?" என்று கேட்பார். பிள்ளை தலை நிமிராமல் "ம்" என்று சொல்லும். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். பாடசாலையில் இதே விடயம் வேறு உருவத்தில் வருகிறது. எதை யார் கண்டுபிடித்தார், எந்த ஆண்டில் என்று மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுகிறோம். இரண்டு இடத்திலும் பிள்ளை கேள்வி கேட்க வழியில்லை.

ஆனால் பிள்ளைகளிடம் கேள்விகள் இருக்கின்றன. மூன்றாம் தரத்தில் படிக்கும் என் தம்பி, முன்பு ஊரில் மின்சாரம் இருக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் உம்மும்மாவிடம், "அப்ப போனுக்கு எப்படி சார்ஜ் போட்ட?" என்று கேட்டான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அது சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. அவன் பிறந்தபோதே வீட்டில் போன் இருந்தது. கூரை இல்லாத வீட்டைக் கற்பனை செய்ய முடியாதது போல, போன் இல்லாத வீட்டையும் அவனால் கற்பனை செய்ய முடியவில்லை.

அவனைப் போன்ற பிள்ளைகளுக்கு இந்த மாற்றங்களை எப்படிச் சொல்லிக் கொடுக்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நான்கு கேள்விகள் போதும் என்பது என் கருத்து. இந்தப் பொருள் வருவதற்கு முன் அந்த வேலையை யார் செய்தார்? எவ்வளவு நேரம் எடுத்தது? மிச்சமான நேரம் எங்கே போனது? இது வந்ததால் எதை விட்டுவிட்டோம்? எந்தப் பொருளைப் பற்றியும் இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

சமையலறையிலிருந்து தொடங்குவோம்

தொழில்நுட்பம் என்றதும் பிள்ளைகள் போனையும் கணினியையும் மட்டுமே சொல்வார்கள். தண்ணீர்க் குழாயும் மா அரைக்கும் மில்லும் எரிவாயு அடுப்பும் தொழில்நுட்பம்தான் என்பதை முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

இடியப்பத்தை எடுத்துக்கொள்வோம். இன்று கடையில் மா வாங்கி, வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, உரலில் இட்டுப் பிழிந்தால் வேலை முடிந்தது. முன்பு எங்கள் பல்லேபொலப் பக்கத்து வீடுகளில் அரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, உரலில் போட்டு இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கையால் இடிக்க வேண்டும். பிறகு அரிக்க வேண்டும். அரித்ததில் மிஞ்சிய குறுணலை மறுபடி இடிக்க வேண்டும். கடைசியில் வறுக்க வேண்டும். கறிக்கு மிளகாயும் மல்லியும் அம்மியில். தண்ணீர் கிணற்றிலிருந்து. விறகு தோட்டத்திலிருந்து. ஒரு காலைச் சாப்பாட்டின் வேலை முதல் நாள் பின்னேரமே தொடங்கிவிடும்.

இதை வாயால் சொன்னால் பிள்ளைக்குக் கதை. செய்யக் கொடுத்தால் அனுபவம். விடுமுறையில் என் தம்பியிடமும் சாச்சியின் பிள்ளைகளிடமும் ஐந்து செத்தல் மிளகாயைக் கொடுத்து அம்மியில் அரைக்கச் சொன்னோம். நேரம் பார்க்க ஒருவர் மணிக்கூட்டுடன் நின்றார். மாறி மாறி அரைத்தும் மிளகாய் விதைகள் விதைகளாகவே இருந்தன. "ஒவ்வொரு நாளும் இப்படியா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நாம் அதிகம் சொல்லத் தேவையில்லை. அவர்களே உம்மும்மாவிடம் போய் மீதியைக் கேட்டுக்கொள்வார்கள். (கண்ணில் கை வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.)

ஒரு சிறிய கணக்கு

அடுத்து ஒரு கணக்கை அவர்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் அள்ளிக் கொண்டுவர நாளொன்றுக்கு 1 மணித்தியாலம் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 365 மணித்தியாலம். நம் பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை, அதாவது 6 மணித்தியாலம். 365ஐ 6ஆல் வகுத்தால் சுமார் 61 பாடசாலை நாட்கள் வருகின்றன. ஏறத்தாழ ஒரு தவணை. தண்ணீருக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு தவணை போகிறது. இடிப்பதும் அரைப்பதும் விறகு சேர்ப்பதும் இந்தக் கணக்கில் இல்லை.

இந்த வேலைகளை யார் செய்தார்? எந்த வீட்டில் கேட்டாலும் உம்மா, ராத்தா, உம்மும்மா என்றுதான் பதில் வரும். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. பாடசாலைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆனால் ஒரு பெண் பிள்ளை வகுப்பில் உட்கார வேண்டுமானால், அவள் செய்யும் வேலையை வேறொருவர் அல்லது வேறொன்று செய்ய வேண்டும். தூரம், வறுமை, இளவயதுத் திருமணம் என்று பெண் கல்வி தடைப்பட்டதற்கு வேறு காரணங்களும் இருந்தன. என்றாலும் குழாயும் மில்லும் மின்சாரமும் வந்த பிறகு பெண் பிள்ளையின் கையில் கொஞ்சம் நேரம் மிஞ்சியது என்பதை மறுக்க முடியாது.

என் உம்மும்மா ஐந்தாம் வகுப்புடன் நின்றவர். உம்மா சாதாரண தரம் வரை படித்தார். நான் உயர்தரம் படிக்கிறேன். "எங்களுக்கு மூளை இல்லாம இல்ல மகள், நேரம்தான் ஈக்கல்ல" என்று உம்மும்மா ஒருமுறை சொன்னார். தொழில்நுட்பத்தின் கதையைப் பெண் பிள்ளைகளிடம் சொல்லும்போது இந்தப் பகுதியை விட்டுவிடக் கூடாது. நம் புத்தகப் பையில் அவர்கள் அள்ளிய தண்ணீரின் பாரமும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளிடமும் இதைச் சொல்ல வேண்டும். மில்லும் குழாயும் வந்த பிறகும் வீட்டில் மீதமிருக்கும் வேலை யார் கையில் இருக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

குப்பி விளக்கும் ஒரு வைத்தியரும்

"அந்தக் காலம் பொற்காலம்" என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. குப்பி விளக்கை எடுத்துக்கொள்வோம். பழைய போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி, மூடியில் துளையிட்டுத் திரி போட்டால் விளக்கு தயார். செலவு குறைவு என்பதால் மின்சாரம் எட்டாத வீடுகளில் இதுவே வெளிச்சம். ஆனால் உயரமான போத்தல் தட்டுப்பட்டால் விழும். விழுந்தால் உருளும். மூடி கழன்று எண்ணெய் கொட்டும். பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் உடுப்பில் தீப்பிடிக்கும். இப்படி எரிகாயம் பட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம்.

அவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியர் விஜய கொடகும்புர, காயத்துக்கு மருந்து போடுவதோடு நிற்கவில்லை. விளக்கையே மாற்ற நினைத்தார். குட்டையான, பாரமான, தடித்த கண்ணாடிப் போத்தல். இரண்டு பக்கமும் தட்டை. ஆகவே விழுந்தாலும் உருளாது. மேலே திருகி இறுக்கும் உலோக மூடி. ஆகவே எண்ணெய் கொட்டாது. மார்மைட் போத்தலின் குட்டை வடிவம் அவருக்கு வழிகாட்டியது. "சுதீப" என்று பெயர் பெற்ற இந்த விளக்கை மலிவான விலையில் ஏழை வீடுகளுக்குக் கிடைக்கச் செய்தார். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைப்பது கடினம். விலை உயர்ந்ததும் வெளிநாட்டிலிருந்து வருவதும் மட்டுமே தொழில்நுட்பம் என்ற எண்ணம் இதில் மாறும். ஒருவர் படும் துன்பத்தைக் கவனமாகப் பார்த்து, போத்தலின் உயரத்தைக் குறைப்பதும் கண்டுபிடிப்புத்தான். இதைச் சொன்ன பிறகு, "நம்ம வீட்டில எந்தச் சாமான மாத்தினா நல்லம்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

ஒரு செய்தி வீட்டுக்கு வந்த வழி

இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16இல் தொடங்கியது. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இலும், ரூபவாஹினி 1982இலும் வந்தன. மின்சாரம் இல்லாத ஊர்களில் கார் பெற்றரியில் தொலைக்காட்சி ஓடியது. பெற்றரி இறங்கினால் அதைச் சுமந்துகொண்டு டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். என் தம்பியின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

நம் வீடுகளுக்கு வானொலி என்றால் தலைப்பிறை. ரமழான் பிறை தென்பட்டதா என்று கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து வரும் அறிவித்தலுக்காக வீடு முழுவதும் முஸ்லிம் சேவையைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். ரேடியோ இல்லாத வீட்டார் இருக்கும் வீட்டுக்கு வருவார்கள். இன்று அந்தச் செய்தி ஒவ்வொருவர் போனுக்கும் தனித்தனியாக, சில வேளைகளில் அறிவித்தலுக்கு முன்பே வதந்தியாகவும் வந்துவிடுகிறது. வேகம் கூடியது. ஒன்றாகக் காத்திருந்தது குறைந்தது. இரண்டையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுக்குப் போனவர்களின் கதையும் இப்படித்தான். 1980களில் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன உம்மாமார் கடிதத்துடன் கெசட்டும் அனுப்பினார்கள். ஒரு பக்கம் 30 நிமிடம், மறுபக்கம் 30 நிமிடம். ஊருக்கு வரும் யாராவது ஒருவரின் பெட்டியில் அது வரும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து உம்மாவின் குரலைக் கேட்பார்கள். இடையில் பதில் சொன்னால் உம்மாவுக்குக் கேட்காது. இன்று வீடியோ அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தே பேசலாம். பிரிந்திருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. பிரிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

இணையம் வந்த விதத்தில் நம் மத்திய மாகாணத்துக்கே பெருமை தரும் கதை ஒன்று உண்டு. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணையத்தை வானொலிக்குக் கொண்டுவந்தது. வீட்டில் கணினி இல்லாத கிராமத்தவர் தங்கள் கேள்வியை நிலையத்துக்கு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் நிகழ்ச்சியிலேயே இணையத்தில் தேடுவார். ஆங்கிலத்தில் கிடைத்ததை மக்களின் மொழியில் விளக்குவார். விடயம் தெரிந்த ஒருவரும் அருகில் இருந்து உதவுவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினிகள் வைக்கப்பட்டன. உலகின் பல நாடுகள் இந்த முறையைக் கவனித்தன.

இதில் பெற்றோருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்த அறிவிப்பாளர் தேடினார், கிடைத்தது சரியா என்று தெரிந்தவரிடம் கேட்டார், பிறகே சொன்னார். இன்று பிள்ளை தனியாகத் தேடுகிறது. கிடைத்த முதல் பதிலை நம்புகிறது. செயற்கை நுண்ணறிவு சொல்லும் பதிலானால் கேள்வியே இல்லை. கிழமையில் ஒருநாள் பெற்றோரோ ராத்தாவோ அந்த அறிவிப்பாளரின் இடத்தில் உட்காரலாம். பிள்ளை கேட்கும் ஒரு கேள்விக்குச் சேர்ந்து தேடலாம். இதைச் சொன்னவர் யார், வேறு யாரும் சொல்கிறார்களா என்று பார்க்கலாம். பெற்றோருக்கு இணையம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை தேடட்டும், பெரியவர் "இது யார் சொன்ன?" என்று கேட்கட்டும்.

எழுத்தும் ஒருகாலத்தில் புதியதே

மாத்தளையில் இருந்துகொண்டு அளுவிஹாரையை மறக்க முடியாது. அதுவரை பிக்குகள் தலைமுறை தலைமுறையாக மனனம் செய்து காத்துவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் அங்கேதான் ஓலையில் எழுதப்பட்டது என்று வரலாறு சொல்கிறது. போரும் பஞ்சமும் வந்தபோது, மனனம் செய்தவர்கள் இறந்தால் நூலும் போய்விடும் என்ற பயம் அதற்குக் காரணமாக இருந்தது. இன்றும் அங்கு போனால் எழுத்தாணியால் ஓலையில் கீறி, கரி மை பூசித் துடைத்து எழுத்தைத் தெரியச் செய்வதைக் காட்டுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல ஏற்ற இடம்.

நம் வரலாற்றிலும் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்வு உண்டு. யமாமா யுத்தத்தில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதான பின்னரே, அபூபக்கர் (ரழி) அவர்களின் காலத்தில் அது ஒரே தொகுப்பாக எழுதித் திரட்டப்பட்டது. ஆனால் எழுதி வைத்தாயிற்று என்று நாம் மனனத்தை விட்டுவிடவில்லை. அச்சுப் பிரதி இருக்கிறது, போனில் செயலி இருக்கிறது. இருந்தும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஹிப்ழு செய்கிறார்கள். புதியது வந்தால் பழையது போயே ஆக வேண்டும் என்பதில்லை. எதை வைத்துக்கொள்வது என்று மனிதர்கள் தீர்மானிக்கலாம் என்பதற்குப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த உதாரணம் இதுதான்.

அவர்களே கண்ட இரண்டு காலங்கள்

பிள்ளைகளுக்குச் சொந்த அனுபவமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள் என்றால் யாருடைய பாடம் முதலில்? பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் 2021இல் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே மலைப்பாறைக்கு ஏறியதை உலகமே செய்தியில் பார்த்தது. கருவி வந்துவிட்டது என்பதும் அது எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல.

2022இல் அதற்கு மாறான அனுபவம். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. பல வீடுகளில் விறகடுப்பும் அம்மியும் திரும்பி வந்தன. அவற்றைப் பாவிக்கத் தெரிந்தவர்கள் நம் மூத்தவர்களே. அப்போது சிறியவர்களாக இருந்தவர்கள் இன்று ஏழாம், எட்டாம் தரத்தில் இருக்கிறார்கள். "அந்த நேரம் நீ என்ன செய்த?" என்று அவர்களைக் கேளுங்கள். அவர்களிடமும் சொல்ல ஒரு கதை இருக்கும்.

கணக்கைத் திருப்பிப் போடுவோம்

இனிப் போனுக்கு வருவோம். முதலில் போட்ட கணக்கை இங்கே திருப்பிப் போடலாம். நாளொன்றுக்கு 1 மணித்தியாலம் தேவையில்லாமல் வீடியோ பார்த்தால் வருடத்துக்கு 365 மணித்தியாலம். அதாவது சுமார் 61 பாடசாலை நாட்கள், ஒரு தவணை. குழாய் மிச்சம் பிடித்துத் தந்த அதே தவணை போகிறது.

"போனைப் பாவிக்காதே" என்று சொல்வதைவிட, அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுப்பது பயன் தரும். ஒரு வீடியோ முடியுமுன் அடுத்தது வருகிறது. நாம் எதை நின்று பார்த்தோம், எதைத் தள்ளிவிட்டோம் என்பதைக் கணக்கில் எடுத்தே அடுத்ததைத் தெரிவு செய்கிறார்கள். பார்க்கப் பணம் கேட்பதில்லை; விளம்பரத்தில் பணம் வருகிறது. நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு இலாபம். சிறு பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம்: "ஒரு கடைக்காரர் நீ ஒரு டொபி தின்று முடியுமுன்னே அடுத்த டொபியின் கடதாசியைக் கழற்றி உன் கையில் வைக்கிறார். சல்லி கேட்கவில்லை. அவருக்கு என்ன இலாபம்?" பிள்ளை யோசிக்கும். யோசிக்கும் பிள்ளையிடம் நேரக் கட்டுப்பாடு பற்றிப் பேசுவது இலகு. அதே கட்டுப்பாடு பெரியவர்களுக்கும் இருந்தால் இன்னும் இலகு.

பேசும்போது கவனிக்க வேண்டியவை

சிறு பிள்ளைக்கு ஆண்டுகள் வேண்டாம்; தொட்டுப் பார்க்க ஒரு பொருள் போதும். பத்து வயதுக்கு மேல் கணக்கு விளங்கும். என் வயதினருக்கு யார் இலாபம் அடைகிறார், யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்விகள் வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லவும் தேவையில்லை; ஒரு நாளைக்கு ஒரு பொருள் போதும்.

பிள்ளைக்கும் கற்பிக்க இடம் கொடுங்கள். குரல் செய்தி அனுப்பும் விதத்தை உம்மும்மாவுக்குத் தம்பி காட்டிக் கொடுக்கட்டும். மா வறுக்கும் பதத்தை உம்மும்மா அவனுக்குக் காட்டிக் கொடுக்கட்டும். ஒருவர் மட்டும் எப்போதும் சொல்பவராகவும் மற்றவர் கேட்பவராகவும் இருந்தால் பேச்சு நீடிக்காது.

முக்கியமாக, மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். உரலில் இடித்த கையும், கெசட்டுக்குக் காத்திருந்த காதும், குப்பி விளக்கில் படித்த கண்ணும் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. இன்னும் சில வருடங்களில் இருக்காது. இவர்களுடைய கதைகள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

ஆகவே சகோதரிகளே, வரும் விடுமுறையில் ஒரு பயிற்சிக் கொப்பியை இதற்கென ஒதுக்குங்கள். பக்கத்துக்கு ஒரு பொருள்: விளக்கு, தண்ணீர், அடுப்பு, ரேடியோ, போன். நான்கு கேள்விகளையும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். படத்தைத் தம்பி தங்கை வரையட்டும். பெற்றோர்களே, அந்த நேரத்தில் உங்கள் போனையும் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு அருகில் உட்காருங்கள். பிள்ளைகள் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்காவது பதில் உங்களிடம்தான் இருக்கிறது.